வீட்டு வேம்பும் ஏற்காட்டு சில்வர் ஓக்கும்: வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

சேலம் அழகாபுரத்தில் அப்பா கட்டிய வீடு, காம்பவுண்டு ஓரமாக நாற்பது வயது வேப்பமரம், சுவர் வெடித்துவிட்டது, பக்கத்து வீட்டோடு இலைக்குப்பைச் சண்டை. அது போக ஏற்காட்டில் கால் ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள், அதில் ஏழு சில்வர் ஓக், சின்னதாக ஒரு வீடு கட்ட ஆசை. இரண்டு இடத்திலும் மரத்தை எடுக்க யாரிடம் போக வேண்டும், என் மரத்தை நான் வெட்ட எதற்கு அனுமதி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழகாபுரத்து வேம்பு உங்கள் பட்டாவுக்குள்தான் நிற்கிறது என்றால் யாரிடமும் மனு எழுத வேண்டியதில்லை. ஏற்காட்டு மரத்தில் அனுமதி இல்லாமல் கத்தி வைக்காதீர்கள். நடுவில் இருப்பது முப்பது கிலோமீட்டரும் இருபது கொண்டை ஊசி வளைவும்தான், ஆனால் மேலே ஏறினால் சட்டமே வேறு. நான் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் மரம் என்ன வகை என்பதைவிட அடிமரம் யார் மண்ணில் நிற்கிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். வேலையில் இருந்தபோது பார்த்த மரத் தகராறுகளில் பாதி, சங்கிலி பிடித்து அளந்ததும் முடிந்துபோனவை. மீதி பாதி அளந்த பிறகுதான் ஆரம்பித்தவை, அது வேறு கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் இணையத்தில் தேடினால் "சொந்த வீட்டு மரமானாலும் மர அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும்" என்று வரும். அது கர்நாடகாவின் 1976 சட்டம், மகாராஷ்டிராவின் 1975 நகர்ப்புற மரச் சட்டம், டெல்லியின் 1994 சட்டம். பெங்களூரில் இருக்கிற மச்சான் சொன்னான் என்று இங்கே வந்து பதறுகிறவர்கள் நிறையப் பேர். தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதியில் தனியார் பட்டா நிலத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அப்படி ஒரு சட்டம் இல்லை. இருக்க வேண்டுமா என்று கேட்டால் நகரத்துக்காவது இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி, சேலம் வெயிலில் நின்று வேலை பார்த்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும். ஆனால் நீங்கள் கேட்டது சட்டம்.

சரி, உங்கள் வேம்பு. காம்பவுண்டு ஓரம் என்கிறீர்களே, அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. நம் ஊரில் காம்பவுண்டு சுவர் எல்லையில் நிற்பது அபூர்வம். கொத்தனார் நேராக நூல் பிடிக்க வசதியாக அரையடி உள்ளே தள்ளிக் கட்டியிருப்பார், இல்லையென்றால் ஆசைப்பட்டு ஒரு அடி வெளியே போயிருப்பார். பட்டா, புலப்படம் (உங்கள் சர்வே எண்ணின் அளவுகளோடு வரைந்த படம்), டவுன் சர்வே பகுதியாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், இதையெல்லாம் இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். எடுத்து வைத்துக்கொண்டு டேப் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி மனுக் கொடுங்கள், பணம் கட்டினால் சர்வேயர் வந்து அளந்து கல் காட்டுவார். மரம் விழுந்த பிறகு அளந்து பிரயோஜனம் இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அடுத்தவர் மண்ணில் நிற்கிற மரத்தை வெட்டி எடுத்துப் போவது வெறும் மனஸ்தாபம் அல்ல, திருட்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவில் திருட்டுக்குக் கொடுத்திருக்கிற முதல் உதாரணமே மரம்தான். நிற்கிற வரைக்கும் அது நிலத்தோடு சேர்ந்தது, வெட்டிப் பிரித்த அந்த நிமிடமே அசையும் பொருள் ஆகிவிடுகிறது, எடுக்கும் எண்ணத்தோடு வெட்டியிருந்தால் அப்போதே திருட்டு முடிந்தது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோது அது 303-ஆம் பிரிவு ஆனது, உதாரணம் மாறவில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1882 சொத்து மாற்றச் சட்டப்படி குத்தகைக்காரர் நிலத்துக்காரரின் மரத்தை வெட்டவோ விற்கவோ கூடாது. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி சரி என்று போட்டால்கூடப் போதும், ஆனால் அந்த வரியை வாங்காமல் ஆளைக் கூப்பிடாதீர்கள்.

அடிமரமே எல்லைக்கோட்டின் மேல் நின்றால் அது இரண்டு பேருக்கும் பொது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இல்லாமல் தொடாதீர்கள், வெற்றுத்தாளில் எழுதினாலும் பரவாயில்லை. அடிமரம் உங்கள் பக்கம், கிளை மட்டும் அவர் மாடிக்கு மேல் என்றால், எல்லையைத் தாண்டி வருகிற கிளையை எல்லை வரைக்கும் அவர் வெட்டிக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் வெட்டிய கிளையும் அதில் இருக்கிற காயும் மரத்துக்காரருக்குத்தான் சேரும். வேப்பங்கிளைக்கு இது பெரிய விஷயமில்லை, மல்கோவாவோ இமாம் பசந்தோ தொங்கினால் சேலத்தில் இது பெரிய விஷயம்! அவர் உங்கள் பக்கம் ஏறி வந்து வெட்டக் கூடாது, மரமே பட்டுப்போகிற மாதிரி வெட்டவும் கூடாது. சொல்லிவிட்டு வெட்டினால் நல்லது, நீங்களே ஆள் வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்து பண்ணிக் கொடுத்துவிட்டால் அதைவிட நல்லது.

சுவர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது நீங்கள் கேட்காத கேள்வி. காம்பவுண்டு சுவருக்கு நம் ஆட்கள் போடுகிற அஸ்திவாரம் பெரும்பாலும் முட்டியளவுகூட இருக்காது. வேர் பருக்கப் பருக்க அந்தச் சுவர் வெடிக்கத்தான் செய்யும், அதற்கு நாற்பது வருட வேம்பை எடுக்க வேண்டியதில்லை. வெடித்த இடத்தில் ஆறேழு அடி சுவரை மட்டும் இடித்து, வேருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தூண் இறக்கி, வேருக்கு மேலே ஒரு பீம் போட்டு அதன்மேல் சுவர் எழுப்பலாம். அடியில் வேர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். என் வீட்டில் புங்க மரத்துக்கு அப்படித்தான் செய்தேன், பன்னிரண்டு வருடமாகச் சுவரும் நிற்கிறது மரமும் நிற்கிறது. நடுத்தரமான வேரை வெட்டினாலும் வேம்பு தாங்கிக்கொள்ளும், ஆனால் ஒரே பக்கத்தில் எல்லா வேரையும் வெட்டிவிட்டால் மரம் பிடிமானம் இழந்து அடுத்த கோடை மழைக் காற்றில் எதிர்ப்பக்கம் சாயும். அந்தப் பக்கம் உங்கள் வீடு இருக்கிறது.

மரம் உண்மையிலேயே ஆபத்தானது, பக்கத்து வீட்டுக்காரருடையது, அவர் வெட்டமாட்டேன் என்கிறார் என்றால் அதற்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. விழுந்து அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கோ போகிறவர்களுக்கோ காயம் ஏற்படுத்தும் நிலையில் இருக்கிற மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவு போட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133, புதிய பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 152. அந்த நடுவர் உங்களுக்குக் கோட்டாட்சியர்தான், அவருக்கு மனு எழுதி, மரத்தில் பொந்து இருப்பது, சாய்ந்திருப்பது, அடியில் மண் விட்டிருப்பது எல்லாம் தெரிகிற மாதிரி படம் வையுங்கள். "இலை விழுகிறது" என்று எழுதினால் மனு தூங்கும், "பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற சந்தில் சாய்ந்து நிற்கிறது" என்று உண்மையாக எழுத முடிந்தால் ஆள் வருவார். அதில் தீரவில்லை என்றால் சிவில் கோர்ட், அதற்கு ஆகிற காலத்தில் மரம் தானே விழுந்துவிடும் என்பது வேறு விஷயம்.

மின்கம்பியில் உரசுகிற கிளையை ஒருநாளும் நீங்களோ மரம் வெட்டுகிற ஆளோ தொடக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அதில் புகார் பதிந்தால் லைன் ஆஃப் செய்துவிட்டு அவர்களே வந்து கழித்துவிடுவார்கள். வெட்டிய கிளையை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டுப் போவார்கள், அதற்கு மறுபடி மாநகராட்சியைக் கூப்பிட வேண்டியிருக்கும், கோபப்படாதீர்கள்.

கேட்டுக்கு வெளியே, சாக்கடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கிற மரம் நீங்களே நட்டு, நீங்களே தண்ணீர் ஊற்றி வளர்த்ததாக இருந்தாலும் உங்களுடையது இல்லை. இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனால் அதுதான் நிலைமை. மாநகராட்சி ரோடு என்றால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று உங்கள் மண்டல அலுவலகம், நெடுஞ்சாலை என்றால் அந்தத் துறை, புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை. பொது இடத்து மரங்களுக்கென்று ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு 2021-க்குப் பிறகு வந்திருக்கிறது, ஒன்று வெட்டினால் பத்து நட வேண்டும் என்பது அதன் கணக்கு. பத்தில் எத்தனை பிழைக்கிறது என்று நான் இங்கே எழுத ஆரம்பித்தால் பதில் முடியாது. புதுக் கார் வாங்கிவிட்டு கேட்டை அகலமாக்க ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோர மரத்துக்கு ஆசிட் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே ஒருவர் செய்தார். பட்ட மரத்தை அகற்றவும் அதே அனுமதிதான் என்று தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பழைய கிராமத்து வீடுகளில் வாசலுக்கு எதிரே புறம்போக்கில் புளியமரம் நிற்கும், "எங்கள் தாத்தா காலத்து மரம், பட்டா இருக்கிறது" என்பார்கள். கேட்டு வாங்கிப் பார்த்தால் அது 2-சி பட்டா. மரத்தின் பலனை, அதாவது புளியை, அனுபவிக்கத்தான் அது உரிமை தருகிறது. வெட்ட அல்ல.

இப்போது சமவெளியிலேயே, சொந்தப் பட்டாவிலேயே நின்றாலும் சும்மா வெட்ட முடியாத மரங்கள். சந்தனம் அதில் முதலாவது. சேர்வராயன் மலைச் சரிவு சந்தனத்துக்குப் பேர்போனது, பறவை பழத்தைத் தின்று போட்டே கோரிமேடு பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் தானாக முளைக்கும். அது உங்கள் மரம்தான், ஆனால் வெட்டுவது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் வனத்துறை வழியாகத்தான். முளைத்திருந்தால் வெளியே சொல்லிக்கொண்டு திரியாதீர்கள் என்பது என் தனிப்பட்ட ஆலோசனை, திருடன் சட்டம் படிப்பதில்லை. ஈட்டி மரத்துக்கு 1994-லேயே தனிச் சட்டம் போட்டார்கள், ஆனால் அது காலக்கெடு வைத்த சட்டம், இன்றைய நிலைமையை வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பனை நம் மாநில மரம், அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் சொன்னார்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கமும் கருப்பூர் பக்கமும் லேஅவுட் போடுகிறவர்கள் வரிசையாக நிற்கிற பனைகளை பொக்லைன் வைத்துத் தள்ளிவிட்டு மனை விற்பது இன்னும் நடக்கிறது, வாங்குகிறவர்கள் கேட்டால்தான் நிற்கும்.

தேக்கில் சிக்கல் வெட்டுவதில் இல்லை, ஏற்றிக்கொண்டு போவதில் இருக்கிறது. 1968 மர வழி அனுமதி விதிகள் என்று ஒன்று உண்டு. சவுக்கு, தைலமரம், தென்னை மாதிரி மரங்களுக்குக் கேள்வி இல்லை, தேக்குக்கு சீட்டு வேண்டும். பட்டா, அடங்கல் (நிலத்தில் என்ன நிற்கிறது என்ற கிராமக் கணக்கு), கிராம நிர்வாக அலுவலரின் சான்று இவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் வந்து பார்த்து அளந்து அனுமதி தருவார்கள். "வெட்டுக்கூலி வேண்டாம் சார், கட்டையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது சிரித்த முகத்தோடு வந்தால், உங்கள் தோட்டத்தில் இருக்கிற தேக்கின் விலை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்று அர்த்தம். வண்டி செக்போஸ்ட்டில் மாட்டினால் உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

அப்புறம் ஏற்காடு. இங்கேதான் ஆட்கள் உண்மையாக மாட்டுகிறார்கள்.

1955-இல் வந்த தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரங்கள் பாதுகாப்புச் சட்டம், மலைப்பகுதி என்று அறிவித்த இடங்களில் மரம் வெட்டுவதையும் மலைநிலத்தில் சாகுபடி செய்வதையும் கட்டுப்படுத்துகிறது. ஏற்காடு அதற்குள் வருகிறது. நிலம் உங்களுடையதாக இருக்கலாம், மரத்தை உங்கள் மாமனாரே நட்டிருக்கலாம், வெட்ட, வேரோடு பிடுங்க, எரிக்க ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். அது நாட்டு மரத்துக்குத்தானே, சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன் மரம்தானே என்று பல பேர் வாதாடுவார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார், பின்னால் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறுவதற்கு வசதியாகவும் சில்வர் ஓக் மலை முழுக்கப் பரவியது, அதனால் அது எஸ்டேட்காரர்களுக்குப் பயிர் மாதிரி. ஆனால் சட்டத்தின் முன்னால் அதுவும் மரம்தான்.

கெடுபிடி எதற்கென்று ஒரு ஐப்பசி மழையில் மலைப்பாதையில் போனால் புரியும். சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர். அது போனால் மண் ரோட்டுக்கு வரும், ரோடு பள்ளத்துக்குப் போகும். சேலத்துக்குள்ளே ஓடுகிற திருமணிமுத்தாறு பிறப்பது இந்த மலையில்தான், அங்கே கரைகிற மண் கடைசியில் நம் ஏரிகளில்தான் வந்து படியும்.

உங்கள் ஏழு மரத்துக்கு நடைமுறை இப்படி இருக்கும்: பட்டா, புலப்படம், ஒவ்வொரு மரத்தின் வகை, மார்பளவு உயரத்தில் சுற்றளவு, ஏன் எடுக்க வேண்டும் என்ற காரணம், எல்லாவற்றையும் வைத்து மனு. வனத்துறையும் வருவாய்த் துறையும் வந்து பார்ப்பார்கள். அனுமதி கிடைத்தால் எந்தெந்த மரம் என்பது எழுத்தில் இருக்கும், அதைத் தாண்டி எட்டாவது மரத்தில் கை வைத்தால் ஏழுக்கு வாங்கிய அனுமதி உங்களைக் காப்பாற்றாது. கட்டைக்கு வழிச்சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அடிவாரம் வழியாக இறங்கினாலும் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனாலும் கேட்பார்கள்.

அதைவிட முக்கியம், மரத்துக்கு மனுப் போடுவதற்கு முன்னால் அங்கே வீடு கட்ட முடியுமா என்று பாருங்கள். ஏற்காட்டில் 'ஹாக்கா' என்று எல்லோரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு இருக்கிறது, 1990-இல் இருந்து. கட்டட அனுமதி கிடைக்காத சரிவாக இருந்து, நீங்கள் மரத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தால், மொட்டை நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இன்னொன்று, எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்ற நிலம் என்றால் 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று மூலப் பத்திரத்தோடு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அறிவிக்கப்பட்ட காடு என்றால் மரம் வெட்டுவது இருக்கட்டும், விற்றதே செல்லுமா என்ற கேள்வி வரும். புரோக்கர் இதைச் சொல்லமாட்டார். சொன்னால் நிலம் விற்காது.

முடிந்தவரை மரங்களுக்கு நடுவில் வீட்டைப் பொருத்தப் பாருங்கள். ஏழில் இரண்டை எடுத்தால் போதும் என்று வரைபடம் மாறினால் மனுவும் சுலபமாக நகரும், மேகம் இறங்குகிற மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே மரமும் இருக்கும். காற்றில் தானாக விழுந்துவிட்ட மரம் என்றால், அறுப்பதற்கு முன்னால் வேரோடு கிடக்கிற நிலையில் நாலு பக்கமும் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு அப்புறம் தொடுங்கள். அறுத்துக் கட்டையாக்கிய பிறகு "விழுந்ததுதான்" என்றால் நம்ப மாட்டார்கள், நானே நம்ப மாட்டேன்.

கீழே திரும்ப வருவோம். எல்லாம் பார்த்து வேம்பை எடுப்பது என்றே முடிவு செய்தால் இரண்டு விஷயம். கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் பறவை முட்டைக்கும் கூட்டுக்கும் சேதம் செய்வதும் வேட்டைக்குள் வருகிறது, குஞ்சு பறக்கிற வரை ஒரு மாதம் பொறுத்தால் ஒன்றும் குடி முழுகாது. இரண்டாவது, யாராவது மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்திருக்கிறார்களா? வைத்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் தெரு உங்கள் பக்கம் இருக்காது. வெட்டுகிற நாளுக்கு முன்னால் நாலு வீட்டில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஆள் பிடிக்கும்போது வெறும் மெஷினோடு வருகிறவரை விட்டுவிட்டு, வடக்கயிறும் ஏறுகிற ஆளும் வைத்திருப்பவரைப் பிடியுங்கள். வீடுகளுக்கு நடுவில் நிற்கிற மரத்தை அடியில் அறுத்துத் தள்ள முடியாது, உச்சியில் இருந்து துண்டு துண்டாகக் கட்டி இறக்க வேண்டும். யாருடைய ஓடு உடைந்தால் யார் கொடுப்பது, கட்டை யாருக்கு, அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பது கூலியில் சேர்ந்ததா என்று முன்னாலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் புலப்படத்தை எடுத்து, அந்தப் பக்கத்து இரண்டு எல்லை மூலைக் கல்லில் இருந்தும் அடிமரத்துக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து எனக்கு எழுதுங்கள். மனையின் நான்கு பக்க அளவும் இருந்தால் மரம் எந்தப் பக்கம் என்று உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவேன்.